மூணு பேர் போதும்

அத்தியாயம் 6

"மூணுதான்" என்றார் படக்காரர், கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டி. "நீங்க எத்தனை தடவை போடச் சொன்னாலும் மூணுதான் சார் வரும்."

சிடுமூஞ்சிக்குப் பக்கத்துச் சுவரில் போய்த் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. காலையிலிருந்து இதே பல்லவி. வந்தவுடன் போட்டார்கள், மூணு. மறுபடி முதலிலிருந்து போட்டார்கள், மூணு. இவர் கோபத்தில் மேஜையை ஓங்கிக் குத்திய பிறகும் போட்டார்கள், மூணு. அந்தப் பாழாய்ப்போன பெட்டிக்கு வேறு எண்ணே தெரியாதோ என்னவோ.

"கழுத்தைப் பிடிச்சு நெரிச்சா நாலுன்னு சொல்லுமா பாருங்க பாஸ்" என்றாள் வாயாடி.

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். வாய்தான் பேசுது."

துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குச் சிடுமூஞ்சி என்றுதான் பெயர். போர்டில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. உதவியாளருக்கு வாயாடி என்று பெயர் வைத்தது அவரேதான். ரெண்டு பிள்ளை பெற்றவள்; அவள் வாய்க்குப் பூட்டுப் போடப் புருஷனாலேயே முடியவில்லை, இவரால் எங்கே முடியப்போகிறது.

இன்றைக்கு வந்திருப்பது சொந்தக் குடும்பத்து வழக்கு. எரிச்சலுக்கு மேல் எரிச்சல் அதனால்தான். திருட்டுப் பட்டம் சுமந்துகொண்டு மூலை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள் அவருடைய சொந்தத் தங்கச்சி. நாற்பதைத் தாண்டிவிட்டாலும் வீட்டுக்கும் சரி, இந்தப் பட்டறைக்கும் சரி, அவள் பாப்பாதான்.

பழைய, விலை உயர்ந்த வாட்சுகளைப் பிரித்துச் சுத்தம் செய்து திரும்பக் கோர்த்துக் கொடுக்கிற பட்டறை அது. தூசி படக்கூடாது என்பதால் வேலையெல்லாம் சின்னச் சின்ன மூடிய அறைகளுக்குள். மூன்று அறையில் மூன்று தொழிலாளிகள்; நாலாவது அறை காலி. பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தால் உலகமே அந்த லென்ஸ்தான். வெளியே, முடிந்த வாட்சுகள் இருக்கும் இழுப்பறையின் பக்கத்தில் பாப்பாவின் நாற்காலி. வாசல் கதவு அவள் நாற்காலியடியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால்தான் திறக்கும். இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது. எந்நேரமும் ஆள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பூட்டு எதற்கு என்பது முதலாளியின் வாதம்.

நேற்று காலை அந்த இழுப்பறையிலிருந்து ஒரு வாட்ச் காணாமல் போய்விட்டது. ஒரு டாக்டரம்மாவுடையது. அவருடைய அப்பா கட்டியிருந்தது. உலகத்திலேயே நாலைந்துதான் மிச்சம் என்கிற ரகம்.

பாப்பா சொன்னது இவ்வளவுதான். மூன்று அறையிலும் ஆள் வேலையில் இருக்கும்போது இன்னொரு சாமான் காத்திருந்தால், அவள் தலைக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு எரியும். நேற்று எரிந்தது. எழுந்து நாலாவது அறைக்குள் போய் அந்த வேலையை முடித்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் வாட்சைக் காணோம்.

"அந்த பல்பு எரியவே எரியாது" என்றார் முதலாளி. நல்ல ஆகிருதி, நல்ல சட்டை, நல்ல குரல். "இந்தப் பட்டறையில மூணு பேர் போதும். நான் சொல்லலை, கம்ப்யூட்டர் சொல்லுது. மூணு பேர் வேலை செய்யற இடத்துல நாலாவது ஆளை யார் கூப்பிடுவா? உங்க தங்கச்சி நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்துல இருந்தே எடுத்திருக்காங்க."

"மத்தவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். நேத்து எந்த வேலையை யார் செஞ்சாங்கன்னு அவங்களுக்கே ஞாபகம் இல்லை. இந்தத் தொழில்ல ஒரு தடவை திருட்டுப் பேர் வந்துட்டா அப்புறம் யாரும் இழுப்பறை பக்கம் விடமாட்டாங்க, அது எனக்கும் தெரியும். பாவமாத்தான் இருக்கு. அதுக்குன்னு சும்மா விட முடியுமா?"

பாவமாம். சிடுமூஞ்சி பல்லைக் கடித்துக்கொண்டார்.

படக்காரர் என்பவர் வேலைப் படம் போடுகிறவர். எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை, எது எதோடு கூடவே நடக்கிறது என்று கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு வரைந்து, உச்சபட்சமாக ஒரே சமயத்தில் எத்தனை வேலை ஓடும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அவர் பிழைப்பு. படம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வாட்சைப் பிரித்தவுடன் வேலை ரெண்டு பக்கமாகப் போகிறது. வெளிக்கூடு ஒரு பக்கம்: முதலில் பாலிஷ், அது முடிந்ததும் கண்ணாடி மாட்டுவதும் மூடிக்கு வளையம் போடுவதும் ரெண்டு அறையில் ஒரே சமயத்தில். உள் எந்திரம் இன்னொரு பக்கம்: முதலில் தொட்டியில் கழுவுவது, அது முடிந்ததும் எண்ணெய் விடுவதும் டயலைத் துடைப்பதும் ரெண்டு அறையில். கழுவின சாமானோ பாலிஷ் போட்ட சாமானோ காற்றில் காத்திருக்கக் கூடாது, தூசி உட்கார்ந்துவிடும். ஒரு வாட்ச் முடிந்துதான் அடுத்த வாட்சைத் தொடுவார்கள்.

"பாலிஷ் ஒரு மணி நேரம் ஆகும் சார். கழுவறது அதுல பாதி" என்று திரையைக் காட்டினார் படக்காரர். "கழுவி முடிச்சதும் எண்ணெய், டயல், ரெண்டு வேலை. அப்பவும் பாலிஷ் ஓடிக்கிட்டிருக்கும். மொத்தம் மூணு. பாலிஷ் முடியறதுக்குள்ள எண்ணெயும் டயலும் முடிஞ்சிடும். அப்புறம் ரெண்டே வேலைதான். எப்பவுமே மூணைத் தாண்டாது."

எங்கே குத்துவது என்றே தெரியவில்லை. அத்தனையும் சரியாகத்தான் இருந்தது. சிடுமூஞ்சி எழுந்து மூலைக்குப் போனார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாப்பா. உண்மையைச் சொல்லு. நீ எழுந்தியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னேனே அண்ணா."

"சொன்னே. கணக்கு ஒத்து வரலையே."

"கணக்கு ஒத்து வரலைன்னா நான் என்ன பண்றது? பல்பு எரிஞ்சது, போனேன்."

"வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. நான் பார்த்துக்கறேன்."

பாப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவருக்கு அவள்மேலும் கோபம் வந்தது, கேட்ட தன்மேலும் கோபம் வந்தது. விருட்டென்று பொத்தானை அமுக்கி, கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். வாயாடியும் பின்னாலேயே வந்தாள். யார்மேலாவது எரிந்து விழ வேண்டும், அவள்தான் அகப்பட்டாள்.

"நீ காலையில நேரத்துக்கு வந்திருந்தா நான் இன்னும் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சிருப்பேன். என்னைக்காவது ஒரு நாள் ஒழுங்கா வந்திருக்கியா?"

"தினமும் ஒழுங்காத்தான் வரேன். இன்னைக்கு ஒரு நாள் லேட்டு. என் வீட்டுக் கூத்தைக் கேட்டா நீங்களே அழுதுடுவீங்க."

"கேட்க வேண்டாம்."

"கேட்டுத்தான் ஆகணும், திட்டிட்டீங்கல்ல. தினமும் நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டே பேர் சமாளிச்சிடுவோம். சின்னவன் முதல்ல குளிச்சிட்டு வருவான். ஒருத்தர் தலையைத் துவட்டணும், ஒருத்தர் துணியைப் போட்டு விடணும். அவன் கதை முடிஞ்சதுக்கு அப்புறம்தான் பெரியவ எழுந்து வருவா. அவளுக்கு ஒருத்தர் ஜடை பின்னணும், ஒருத்தர் பையைக் கட்டணும். இன்னைக்குக் குழாய்ல தண்ணி வரலை. சின்னவன் குளிக்கப் போனதே லேட்டு. அவன் சொட்டச் சொட்ட நிக்கறான், அதே நேரத்துல இவ தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கறா, வேன் ஹாரன் அடிக்குது. பக்கத்து வீட்டக்காவையும் அவங்க புருஷனையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அதே வீடு, அதே பிள்ளைங்க, ஒரு வேலை கூட அதிகமாகலை. பாழாப்போன தண்ணி லேட்டு, அவ்வளவுதான்!"

சிடுமூஞ்சி அவளையே வெறித்துப் பார்த்தார்.

"என்ன பாஸ், நிஜமாவே அழப் போறீங்களா?"

"எழுந்திரு" என்றார். "எழுந்திருடி, எழுந்திரு!"

உள்ளே போன வேகத்தில் படக்காரர் பயந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"உங்க கணக்குல ஒரு மணி நேரம், அரை மணி நேரம்னு போட்டிருக்கீங்களே, அதையெல்லாம் எடுங்க."

"நேரத்தை எடுத்துட்டா எப்படி சார் கணக்கு வரும்?"

"வரும். ஒரு வேலை முடிஞ்சாத்தான் அடுத்ததுன்னா, ரெண்டுல எது பெரிய எண்ணோ அதை எடுத்துக்குங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம ரெண்டு பக்கமா ஓடுதுன்னா, ரெண்டையும் கூட்டிடுங்க. கடிகாரத்தைப் பார்க்கவே பார்க்காதீங்க."

"வாட்ச் பட்டறையில வந்து கடிகாரத்தைப் பார்க்காதேங்கறார்" என்றாள் வாயாடி. "முத்திடுச்சு."

படக்காரர் சிரிக்கவில்லை. விரல் தானாக ஓடியது. கூட்டுப் பக்கம்: பாலிஷுக்கு ஒருத்தர், அப்புறம் ரெண்டு பேர். பெரியது ரெண்டு. எந்திரத்துப் பக்கம்: கழுவ ஒருத்தர், அப்புறம் ரெண்டு பேர். பெரியது ரெண்டு. ரெண்டையும் கூட்டி, பொத்தானைத் தட்டினார்.

நாலு.

"வந்துச்சு!" என்று கையைத் தட்டினாள் வாயாடி.

"கழுவறது எப்பவும் போல சீக்கிரம் முடிஞ்சா மூணு பேர் போதும்" என்றார் சிடுமூஞ்சி, முதலாளியைப் பார்த்து. "அது லேட்டாகி, பாலிஷும் கழுவறதும் ஒரே நேரத்துல முடிஞ்சா, நாலு வேலையும் ஒண்ணா வந்து தலையில விழும். மூணு பேர் மூணை எடுத்துக்குவாங்க. நாலாவதுக்குப் பல்பு எரியும். என் தங்கச்சி எழுந்துதான் ஆகணும்."

முதலாளி திரையைப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, வாய்விட்டுச் சிரித்தார்.

"சரி, நாலுன்னே வச்சுக்குவோம். நீங்களே ஜெயிச்சுட்டீங்க. அப்போ நாலு பேரும் நாலு அறைக்குள்ள, தலையைத் தூக்க நேரமில்லாம வேலையில இருந்திருக்காங்க. வாசல் கதவைத் திறக்கப் பொத்தான்கிட்ட ஆள் இல்லை. வெளியாள் வர முடியாது. நான் ஊர்லயே இல்லை, மதியம்தான் வந்து சேர்ந்தேன். வாட்சை யாருய்யா எடுத்தது? பேயா?"

அட கடவுளே. தங்கச்சியைக் காப்பாற்றப் போட்ட கணக்கு எல்லோரையும் காப்பாற்றிவிட்டதே! திருட ஒரு கை கூட மிச்சமில்லை. திருடன் இல்லாத திருட்டு என்றால், கடைசியில் இழுப்பறைக்குப் பக்கத்தில் இருந்தவள் தலையில்தான் வந்து விடியும்.

"பொழுதைக் கெடுத்தது போதும்" என்று முதலாளி போனை எடுத்தார். ஸ்டேஷனுக்குப் பேசினார். பாப்பாவின் பெயரைத் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மூலையில் ஸ்டூல் கிறீச்சிட்டது.

"பாஸ், ஏதாவது பண்ணுங்க" என்றாள் வாயாடி. அந்தக் குரலில் கிண்டலே இல்லை.

என்னத்தைப் பண்ணுவது? நடந்தார். ஜன்னல் வரைக்கும் போனார், திரும்பினார். பாப்பாவின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். சிவப்பு பல்பு. அதிலிருந்து சுவரோடு ஒழுங்காகப் பதித்த ஒயர், நாலாவது அறை வரைக்கும். இந்த ஆள் இழுப்பறைக்கு ஒரு பூட்டு வாங்க யோசிக்கிற ஆள். எரியவே எரியாத பல்பை எந்த மகராசனுக்காக மாட்டி வைத்தான்?

"படக்காரரே" என்றார். "மூணு பேர் போதும்னா, நாலாவது அறை எதுக்கு? இந்த பல்பு எதுக்கு?"

படக்காரர் முதலாளியைப் பார்த்தார்.

"அவரை ஏன் பார்க்கறீங்க? கேட்டது நான்."

"அது வந்து சார், பட்டறை ஆரம்பிக்கறப்போ முதல் கணக்கு நான் இப்ப நீங்க சொன்ன மாதிரிதான் போட்டேன். நேரம் சேர்க்காம. நாலு வந்துச்சு. அதை வச்சுத்தான் நாலு அறை கட்டினாங்க, பல்பு போட்டாங்க. அப்புறம் நாலாவது ஆள் எதுக்கு தண்டம், நேரத்தைச் சேர்த்துப் போட்டுப் பாருன்னு சொன்னாங்க. போட்டேன். மூணு வந்துச்சு. கழுவறது லேட்டானா இது பொய்யாயிடும்னு அப்பவே சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"முதலாளிகிட்டதான். வேற யார்கிட்ட சொல்வேன்?"

"அதுக்கு என்ன இப்போ?" என்றார் முதலாளி. நல்ல குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. "தொழில் பண்றவன் ஆயிரம் கணக்குப் பார்ப்பான்."

சிடுமூஞ்சி தொட்டியில் கழுவுகிற தொழிலாளியின் அறைக்கதவைத் தட்டி வெளியே கூப்பிட்டார். லென்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார் அந்த மனிதர்.

"நேத்து காலையில கழுவறது லேட்டாச்சா?"

"ஆமா சார். தொட்டிக்குக் கரண்ட் வரலை. அப்புறம் தானா வந்துடுச்சு."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"கரண்ட் போறதையெல்லாமா சொல்லுவாங்க? வாட்ச் காணோம்னு கேட்டாங்க, பார்க்கலைன்னு சொன்னேன்."

"பக்கத்து அறையில பாலிஷ் மோட்டார்?"

தொட்டிக்காரர் யோசித்தார். "அது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சத்தம் கேட்டுச்சு. லைட்டும் எரிஞ்சுது." அப்போதுதான் அவருக்கே உறைத்தது. "அட, ஆமால்ல!"

"தொட்டிக்கு மட்டும் தனி லைனா?"

"தொட்டி கடைசியா வந்தது சார். புதுசா ஒயர் இழுக்க வேண்டாம்னு முதலாளி ரூம்ல இருந்தே எடுத்தாங்க. சுவிட்ச் அந்த ரூமுக்குள்ளதான் இருக்கு."

எல்லோரும் முதலாளியின் அறைக்கதவைப் பார்த்தார்கள். பூட்டியிருந்தது. அவர் உள்ளே இருந்தால்தான் அது திறந்திருக்கும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

"அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் சிடுமூஞ்சி.

தொட்டிக்காரர் முதலாளியைக் கையால் காட்டினார்.

"அந்த ரூமுக்குப் பின்பக்கம் சந்துக்குப் போற கதவு ஒண்ணு இருக்கு பாஸ்" என்றாள் வாயாடி. "படியில உட்கார்ந்திருந்தோமே, அங்கேயிருந்து தெரிஞ்சுது. பூட்டு பளபளன்னு இருக்கு. பூட்டு வாங்கத் தெரியாதவர் இல்லை."

"ஊர்ல இல்லாத ஆளோட பூட்டின ரூம்ல, சுவிட்ச் தானா அணைஞ்சு, தானா எரிஞ்சிருக்கு" என்றார் சிடுமூஞ்சி. அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் இப்போது ஒரே சீராக வந்தது. "நீங்க சொன்னது சரிதான் சார். நாலு பேரும் நாலு அறைக்குள்ள. திருட ஒரு கை மிச்சமில்லை. அந்தப் படத்துல இருக்கிற யாருக்கும் மிச்சமில்லை. படத்துல எந்தக் கட்டத்துலயும் இல்லாத ஆள் இந்தப் பட்டறையில ஒருத்தர்தான். கழுவறதை எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிச்சா பல்பு எரியும்னு தெரிஞ்ச ஆளும் அவர்தான். பல்பு எரியறதைப் பார்த்துட்டு, இந்தப் பக்கம் வந்து, இழுப்பறையைத் திறந்து எடுத்துக்கிட்டுப் போயிருக்கீங்க. எழுந்தேன்னு அவ சொன்னா, மூணு பேர் போதும்னு கம்ப்யூட்டரைக் காட்டிடலாம்."

"உளறாதீங்க! ஆதாரம் இருக்கா?"

"உங்க ரூம்ல இரும்பு அலமாரி இருக்கும்ல, அதைத் திறங்க."

"சாவி வீட்டுல இருக்கு."

"பரவாயில்லை, போலீஸ் வண்டியைத்தான் நீங்களே வரச்சொல்லிட்டீங்களே" என்றாள் வாயாடி. "அதுலயே போய் எடுத்துட்டு வந்துடலாம்."

முதலாளி உட்கார்ந்துவிட்டார். அவசரத்தில் உட்கார்ந்தது பாப்பாவின் நாற்காலியில்.

"அந்த டாக்டரம்மாகிட்ட விலைக்குக் கொடுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சியிருக்கேன் தெரியுமா?" என்றார், யாரையும் பார்க்காமல். "அதோட அருமை அவங்களுக்குத் தெரியாது. அலமாரியில சும்மா போட்டு வச்சிருந்தாங்க. என் கையில இருந்தா நான் அதை எப்படிப் பார்த்துக்குவேன்!" பேசிக்கொண்டே கால்சட்டைப் பையில் கையை விட்டுச் சாவிக் கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது, அலமாரியிலிருந்து எடுத்த வாட்ச் பாலிஷ் துணியில் சுற்றியபடி மேஜைமேல் இருந்தது. போனில் சொன்ன பெயரைச் சொல்லி யார் அது என்று கேட்டுக்கொண்டே நேராகப் பாப்பாவை நோக்கிப் போனார் அவர். சிடுமூஞ்சி குறுக்கே பாய்ந்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. படக்காரர் தன் பங்கைச் சொன்னார். தொட்டிக்காரரும் சொன்னார். கடைசியில் வண்டியில் ஏறியது முதலாளிதான்.

ஹால் காலியானது. சிடுமூஞ்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கச்சியிடம் போனார். வெகு நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

"பார்த்தியா பாப்பா? நாலுன்னு நிரூபிச்சிட்டேன்ல?"

பாப்பா தன் டப்பாவையும் கண்ணாடியையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே சொன்னாள்.

"அந்த ஆளு மூணுன்னு சொல்லி அந்தப் பெட்டியைக் காட்டினாரு. நீ நாலுன்னு சொல்லி அதே பெட்டியைக் காட்டற. நான் எழுந்தேன்னு காலையிலேயே உன்கிட்ட சொன்னேன் அண்ணா. வேற ஏதாவது இருந்தா சொல்லிடுன்னு கேட்ட. அந்தப் பெட்டி கடைசி வரைக்கும் மூணுன்னே சொல்லியிருந்தா, நான் திருடின்னு நீயும் முடிவு பண்ணியிருப்பே, இல்லை?"

சிடுமூஞ்சி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அது பொய் என்று அவருக்கே தெரிந்தது.

"பேச வேண்டாம்" என்றாள் பாப்பா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "வீட்டுக்குப் போற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதே."

அவள் முன்னால் நடந்தாள். அவர் பேசாமல் பின்னால் போனார்.